கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும் திரை



மாமல்லபுரத்தில் ரயில் நிலையம் கிடையாது. முன்பதிவு செய்ய வேண்டுமென்றால் உங்களில் பலர் பஸ் ஏறி, ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தாண்டி, செங்கல்பட்டு சந்திப்புக்கு வருகிறீர்கள். வரிசையில் நிற்கும்போது ஒரு பேச்சு காதில் விழும்: "சென்னை சென்ட்ரல்ல நிக்கிறவங்களுக்குப் போக மிச்சம்தாங்க நமக்கு." இது சரியா? அந்தத் திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் விடை கிடைத்துவிடும்.

முன்பெல்லாம் முன்பதிவு பேரேட்டில்தான் நடந்தது. 1980-களின் நடுவில் புதுதில்லியில் அது கணினிக்கு மாறியது. பிறகு சென்னை உட்பட ஐந்து நகரங்களில் மையக் கணினிகள் வந்தன. 1999-ல் அவை ஐந்தும் ஒன்றாக இணைக்கப்பட்டன. ஊழியர் முன்னால் இருப்பது ஒரு டெர்மினல், அவ்வளவுதான். இருக்கைக் கணக்கு அதில் இல்லை. மையக் கணினியில் இருக்கிறது.

டெர்மினல் மையத்தோடு பேசுவதில் இரண்டு முறைகள் உண்டு. ஐபிஎம் 1971-ல் கொண்டுவந்த 3270 வகையில், திரை ஒரு படிவம் மாதிரி இருக்கும். சில இடங்களைத் தொட முடியாது. சில இடங்களில் எழுதலாம். என்டர் தட்டும் வரை மையத்துக்கு எதுவும் போகாது. தட்டியதும், நிரப்பிய பகுதிகள் மட்டும் மொத்தமாகப் போகும். பதில் வரும்வரை விசைப்பலகை பூட்டிக்கொள்ளும். டிஜிட்டல் நிறுவனத்தின் விடி100 போன்ற இன்னொரு வகையில், ஒவ்வொரு எழுத்தும் உடனுக்குடன் மையத்துக்குப் போகும். மையம் அதைத் திருப்பி அனுப்பிய பிறகே திரையில் தெரியும். நம் ரயில்வே முன்பதிவு அந்த நிறுவனத்தின் வாக்ஸ் கணினிகளில்தான் தொடங்கியது. எந்த வகையானாலும், முடிவெடுப்பது மையத்தில் ஓடும் நிரல்தான்.

இதிலிருந்து நமக்கு மூன்று செய்திகள்.

முதலாவது, வரிசை மையத்தில்தான் இருக்கிறது. உங்கள் கோரிக்கை செங்கல்பட்டிலிருந்து போனாலும் சென்ட்ரலிலிருந்து போனாலும், முதலில் போய்ச் சேர்ந்ததற்கே இருக்கை. ஏறும் ஊரைப் பொறுத்து ஒதுக்கீடு மாறலாம். சீட்டு வாங்கும் கவுன்ட்டரைப் பொறுத்து மாறாது.

இரண்டாவது, திரையில் தெரிவது கேட்ட நொடியின் நிலவரம். "ரெண்டு சீட் இருக்குன்னு சொன்னீங்களே, இப்ப வெயிட்டிங் லிஸ்ட்டுன்னா எப்படி?" என்று ஊழியரிடம் கோபப்படுகிறோம். நாம் யோசித்த அரை நிமிடத்தில் வேறொரு ஊரில் யாரோ என்டர் தட்டிவிட்டார்கள். ஊழியர் பொய் சொல்லவில்லை, திரை பழசாகிவிட்டது.

மூன்றாவது, உங்கள் படிவம்தான் அந்தத் திரைக்குள் போகிறது. ஐந்து இலக்க ரயில் எண், தேதி, வகுப்பு, பெயர், வயது எல்லாவற்றையும் தெளிவாக எழுதுங்கள். வயதைத் தவறாக எழுதினால், முதியவர்களுக்கான கீழ்ப்படுக்கையைக் கணினி அம்மாவுக்குத் தேடாது. தட்கல் நேரத்தில் ஒரு கிறுக்கல் எழுத்தை ஊழியர் திரும்பக் கேட்பதற்குள் இருக்கை போய்விடும். மாற்று ரயில் எண்ணையும் முன்பே குறித்து வையுங்கள்.

பணம் கொடுக்கும் முன் ஊழியரிடம், "ஒருமுறை படிச்சுக் காட்டுங்க சார்" என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. சில நொடிகள்தான் ஆகும். அடுத்த முறை செங்கல்பட்டு வரிசையில் நிற்கும்போது மனக்குறை வேண்டாம். நீங்களும் சென்ட்ரல்காரரும் நிற்பது ஒரே வரிசையில்தான்.