சார்ங்கதேவரின் தாளம், சிறை முகாமின் நால்வர்

(புனேயில் நம் உறுப்பினர்களின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

போன மாதம் இதே இடத்தில் ஒரு மாமி நீலாம்பரியைப் பற்றி அருமையாகப் பேசினார். இந்த மாதம் நான் ஒரு பிரெஞ்சுக்காரரைப் பற்றிப் பேசப் போவதாகச் சுற்றறிக்கையில் பார்த்துவிட்டு, "உமக்கு என்ன ஆயிற்று?" என்று இரண்டு பேர் ஃபோனில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

என் பிள்ளை பதினோரு வருஷம் மிருதங்கம் கற்றுக்கொண்டான். அரங்கேற்றத்துக்கு ஹால் பேசி முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. அப்போது, "பியானோ கற்றுக்கொள்ளப் போகிறேன்" என்று மிருதங்கத்தை உறை போட்டு வைத்துவிட்டான். நான் சொல்லக் கூடாததெல்லாம் சொன்னேன். இரண்டு வருஷம் எங்களுக்குள் சரியான பேச்சே இல்லை. என் மனைவிதான் நடுவில் தூது. போன தீபாவளிக்கு வந்தவன், ஒரு நாள் மத்தியானம் என் எதிரில் உட்கார்ந்து ஃபோனில் எதையோ போட்டுவிட்டு, "அப்பா, இதுக்குத் தாளம் போடுங்கோ பார்க்கலாம்" என்றான்.

வயலின், செல்லோ, கிளாரினெட், பியானோ நான்கும் ஒரே ஸ்வரத்தை ஒரே வேகத்தில் வாசிக்கின்றன. ஹார்மனி கிடையாது. ஆதியில் போட்டேன், நிற்கவில்லை. மிஸ்ர சாபு, அதுவும் இல்லை. அவன் செய்தித்தாள் ஓரத்தில் ஐந்து எண்கள் எழுதினான்: 3, 5, 8, 5, 3.

"மிருதங்க யதின்னா இது!" என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். இரு முனையும் குறுகி நடுவில் பருத்த வடிவம். முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றே. கூட்டினால் 24. சரி, பிடித்துவிட்டோம் என்று பார்த்தால் அடுத்தது 4, 3, 7, 3, 4. அது 21. "ஆவர்த்தனம் எங்கேடா?" என்றேன். "கிடையாதுப்பா. அதான் விஷயமே" என்றான்.

அதை எழுதியவர்தான் ஒலிவியே மெஸ்ஸியான். 1908 டிசம்பர் 10-ஆம் தேதி அவிஞோன் நகரில் பிறந்தவர். அப்பா ஆங்கில ஆசிரியர், ஷேக்ஸ்பியரை பிரெஞ்சில் மொழிபெயர்த்தவர். அம்மா கவிஞர், பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே அவனைப் பற்றி ஒரு கவிதைத் தொகுதி எழுதியவர். பையன் பதினோரு வயதில் பாரிஸ் இசைக் கல்லூரியில் சேர்ந்தான். 1931-இல் பாரிஸின் திரித்துவ ஆலயத்தில் ஆர்கன் வாசிக்கும் பதவி கிடைத்தது. 1992-இல் காலமாகும் வரை, அறுபத்தோரு வருஷம், அதே பதவி. உலகப் புகழ் வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்குப் போய் வாசித்தவர். நம் ஊரில் கோயில் நாகஸ்வரக்காரர் முறை தவறாமல் சேவகம் செய்வதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இவருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? லாவிஞாக் என்பவர் தொகுத்த பிரெஞ்சு இசைக் கலைக்களஞ்சியத்தில் இந்திய சங்கீதம் பற்றி ஒரு நீண்ட கட்டுரை உண்டு. அதில் 'சங்கீத ரத்னாகர'த்தில் சொல்லப்பட்ட 120 தேசி தாளங்களின் பட்டியல் இருந்தது. மெஸ்ஸியான் அதைப் படித்தார். குரு இல்லை, மிருதங்கம் இல்லை, வெறும் பட்டியல். அதிலிருந்து தன் வாழ்நாள் முழுவதுக்கும் வேண்டியதை எடுத்துக்கொண்டார்.

இங்கே ஒரு இடைச்செருகல். 'சங்கீத ரத்னாகரம்' எழுதிய சார்ங்கதேவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் தேவகிரி யாதவர்களின் சபையில் இருந்தவர். பூர்விகம் காஷ்மீர். உத்தியோகம் என்ன தெரியுமா? அரசாங்கக் கணக்கு. இந்தச் சபையில் பாதிப்பேர் ரிடையரான அக்கவுண்ட்ஸ்காரர்கள் என்பதால் சொல்கிறேன். தேவகிரி என்றால் இன்றைய தௌலதாபாத். நான் ஔரங்காபாத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். இப்போது அந்த ஊருக்கு சத்ரபதி சம்பாஜிநகர் என்று பெயர். வருகிற விருந்தாளிகளையெல்லாம் அந்தக் கோட்டைக்குக் கூட்டிப்போய் பீரங்கியைக் காட்டியிருக்கிறேன். நம் சங்கீதத்தின் ஆதார நூல் பிறந்த இடம் அது என்று எனக்கே தெரியாது.

"பார்த்தாயா, கடைசியில் நம்மகிட்டேருந்துதான் எடுத்துண்டிருக்கான்" என்றேன் பிள்ளையிடம், வெற்றி பெற்ற மாதிரி. அவன் கோபப்படவில்லை. "அந்த 120-இல் உங்களுக்கு எத்தனை தெரியும்ப்பா?" என்று கேட்டான். சப்த தாளம், முப்பத்தைந்து தாளம், சாபு வகைகள் தெரியும். ஆனால் அந்தப் பட்டியலில்? மகா வைத்தியநாதையரின் கானடா தில்லானாவால் சிம்மநந்தனம் என்ற பெயர் தெரியும். போட்டுக் காட்டு என்றால் தெரியாது. ராகவர்த்தனம், சந்திரகலா, லக்ஷ்மீசம் என்று அவன் மூன்று பெயர் சொன்னான். முதல் தடவையாகக் கேட்டேன், என் பிள்ளையின் வாயிலிருந்து.

அந்த மூன்றையும் கோர்த்துத்தான் அந்தப் படைப்பின் முதல் பகுதியில் பியானோவுக்கு 17 கால அளவுகளைக் கொடுத்திருக்கிறார். அதன் மேல் ஓடும் ஸ்வரக் கூட்டுகளோ 29. பதினேழு முடிந்து திரும்பும்போது இருபத்தொன்பது முடிந்திருக்காது. இரண்டும் ஒன்றாக முதல் இடத்துக்கு வர 17 x 29, அதாவது 493 தட்டு வேண்டும். தனி ஆவர்த்தனத்தில் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது அந்தச் சேருமிடத்துக்குத்தானே? இவர் சேர விடுவதில்லை. மூன்று நிமிஷத்துக்குள் நிறுத்திவிடுகிறார். எனக்கு முதலில் அது ஏமாற்றமாக இருந்தது, மறைக்கவில்லை.

எங்கே எழுதினார் என்று தெரிந்த பிறகுதான் அந்தக் குறை போயிற்று. 1940-இல் ஜெர்மன் படையிடம் பிடிபட்டார். பார்வை மோசம் என்பதால் துப்பாக்கி தராமல் மருத்துவ உதவியாளராக வைத்திருந்தார்கள். கொர்லிட்ஸ் ஊருக்கு வெளியே இருந்த கைதி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். முகாம் இருந்த இடம் இன்று போலந்தில் இருக்கிறது. அங்கே வயலின்காரர் ல பூலேர், கிளாரினெட்காரர் அகோகா, செல்லோ வாசிக்கும் பாஸ்கியே மூவரும் கைதிகள். இந்த நான்கு வாத்தியம் சேர்ந்தது ரசனையால் அல்ல, யார் அகப்பட்டார்களோ அவர்களால். ப்ரூல் என்ற ஜெர்மன் காவலர் காகிதமும் பென்சிலும் கொடுத்து உதவினார். 1941 ஜனவரி 15-ஆம் தேதி, கடுங்குளிரில், ஒரு கொட்டகையில் 'காலத்தின் முடிவுக்கான நால்வர் இசை' அரங்கேறியது. முன்வரிசையில் ஜெர்மன் அதிகாரிகள், பின்னால் கைதிகள்.

ஐயாயிரம் பேர் கேட்டார்கள், செல்லோவில் மூன்று தந்திதான் இருந்தது என்று மெஸ்ஸியான் பின்னாளில் சொல்லிவந்தார். நான்கு தந்தியும் இருந்தது என்று வாசித்த பாஸ்கியேயே மறுத்தார். கொட்டகையில் சில நூறு பேருக்குத்தான் இடம். நம் வித்வான்களின் கதைகளிலும் இந்தக் கணக்கு இப்படித்தான் ஏறும், விடுங்கள். அகோகா யூதர். அதே வருஷம் ஓடும் ரயிலிலிருந்து, கிளாரினெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குதித்துத் தப்பினார். அதைக் கூட்டிச் சொல்லத் தேவையே இல்லை.

தலைப்பில் உள்ள 'முடிவு' உலகத்தின் முடிவு மட்டுமல்ல. அளவாக வெட்டப்பட்ட காலம், எண்ணிக்கொண்டே போகும் காலம், அதன் முடிவு என்றும் பொருள். நாள் எண்ணிக்கொண்டிருக்கும் கைதிகளின் நடுவே ஆவர்த்தனம் இல்லாத தாளம்.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். விடுதலையாகி பாரிஸ் கல்லூரியில் ஆசிரியரானார். பூலெஸ், ஸ்டாக்ஹௌசன், செனாகிஸ் எல்லாம் அவர் மாணவர்கள். 1949-இல் பாஸ்டனில் பெர்ன்ஸ்டைன் நடத்திய பெரிய சிம்பனிக்கு வைத்த பெயர் 'துரங்கலீலா'. அதுவும் சார்ங்கதேவர் பட்டியலில் உள்ள தாளப் பெயர்தான். பறவைகள் பாடுவதை விடியற்காலையில் காட்டில் உட்கார்ந்து ஸ்வரப்படுத்துவார். 1956-இல் வந்த ஒரு படைப்பில் நம் மலை மைனாவும் பாடுகிறது. எங்கு மாற்றினாலும் வெகு சீக்கிரம் பழைய இடத்துக்கே வந்துவிடும் ஸ்வர வரிசைகளை ஏழாக வகுத்தார். மோகனத்தில் கிரகபேதம் செய்தால் மத்தியமாவதி வரும், ஹிந்தோளம் வரும். ஆனால் கோப்ரியா என்ற அபூர்வ ராகத்தில் எந்த ஸ்வரத்தை ஆதாரமாக வைத்தாலும் கோப்ரியாவே வரும். அதுதான் அவருடைய முதல் வரிசை.

வீட்டில் பெரிய துக்கம். முதல் மனைவி கிளேர் வயலின் வாசிப்பவர். யுத்தம் முடியும் சமயம் ஒரு அறுவை சிகிச்சைக்குப் பின் ஞாபகம் போயிற்று. 1959-இல் இறக்கும்வரை மருத்துவ இல்லங்களில். பிள்ளை பாஸ்கலை வளர்க்கும் பொறுப்பு இவருடையதாயிற்று. அந்த வருஷங்களில்தான் பறவைகளைத் தேடி அதிகமாக அலைந்தார் என்பதை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன்.

என் பிள்ளை இன்று பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். காலையில் வண்டியில் மிருதங்கத்தையும் ஏற்றியிருக்கிறான், ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்த நால்வர் இசையின் ஐந்தாவது பகுதியைப் போடச் சொல்லியிருக்கிறேன். செல்லோவும் பியானோவும் மட்டும், மிக மிக விளம்பம், ஏறக்குறைய எட்டு நிமிஷம். யாரும் தாளம் போட வேண்டாம். காபி அதற்கப்புறம் வரும்.