அரைக் குடம் தூக்கிய நாள்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



எனக்கு முன்னாடி பேசினவங்க மாட்டுக் கடன், தையல் மிஷின், மசாலாப் பொடி வியாபாரம்னு பெரிய வெற்றிகளைச் சொன்னாங்க. நான் சொல்லப்போறது ரொம்பச் சின்ன வெற்றி. போன ஆடி மாசம் எனக்குக் கர்ப்பப்பை எடுக்கிற ஆபரேஷன் நடந்துச்சு. கட்டி இருந்து, உதிரப்போக்கு நிக்காம, ரத்தம் ஏத்தித்தான் ஆபரேஷனே பண்ணினாங்க.

இதை மேடையில சொல்லலாமான்னு யோசிச்சேன். இங்க உட்கார்ந்திருக்கிறதுல எத்தனை பேருக்கு இதே ஆபரேஷன் ஆகியிருக்குன்னு எனக்குத் தெரியும். டீ குடிக்கிறப்ப காதுக்குள்ள பேசிக்கிறதை மைக்குல பேசினா என்ன?

முதல் வெற்றியைச் சொல்றேன், சிரிக்கக் கூடாது. வயித்து ஆபரேஷன் ஆனவங்களை நர்சம்மா கேக்கிற முதல் கேள்வி, "காத்து பிரிஞ்சிருச்சாம்மா?" அது பிரிஞ்சாத்தான் குடல் வேலை செய்யுதுன்னு அர்த்தம். ராத்திரி மூணு மணிக்குப் பக்கத்துக் கட்டில் நத்தத்து அக்கா "பிரிஞ்சிருச்சு"ன்னு சொன்னப்ப, முழிச்சுக் கிடந்த அத்தனை பேருக்கும் சந்தோசம். சிரிச்சா தையல் இழுக்குமே, அதனால வயித்துல தலகாணியை அமுக்கிக்கிட்டுச் சிரிச்சோம். இருமலுக்கும் தும்மலுக்கும் அதே வைத்தியம்தான்.

மறுநாளே எழுந்து நடக்கச் சொன்னாங்க. படுத்தே கிடந்தா காலுல ரத்தம் கட்டிக்கும், நெஞ்சுல சளி சேரும்னாங்க. கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் ஒன்பது எட்டு. அதை நடந்து முடிச்சு நிமிர்ந்தா எதிர்ல திண்டுக்கல் மலைக்கோட்டை. அதையே ஏறிட்ட மாதிரி மூச்சு வாங்குச்சு.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கஷ்டம். வெளிக்காயம் சீக்கிரம் ஆறிரும், உள்தையல் ஆற ஆறு வாரமாவது ஆகும், அதுவரைக்கும் வெயிட் தூக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லி அனுப்பினாங்க. ஆனா வெளிய பார்த்தா நாம நல்லாத்தானே இருக்கோம்? "இன்னுமா படுத்திருக்கா"ன்னு தெருவுல பேச்சு. பிரசவம்னா நாப்பது நாள் உட்கார வைக்க நம்மகிட்ட வழக்கம் இருக்கு. கர்ப்பப்பையையே எடுத்தவளுக்கு ஒரு வழக்கமும் இல்ல. நல்லா இருக்கு நியாயம்!

எங்க அத்தைக்குப் பிரஷர் மாத்திரை கொடுக்க மக்களைத் தேடி மருத்துவம் அக்கா வீட்டுக்கு வருவாங்க. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச திட்டம், வர்றவங்களும் நம்மள மாதிரி குழுப் பொம்பளைங்கதான். அவங்கதான் அத்தைகிட்டயும் என் வீட்டுக்காரர்கிட்டயும் உட்கார்ந்து பேசினாங்க. "அவ இப்பக் குடம் தூக்கினா நாளைக்கு நீங்க அவளைத் தூக்கணும்"னாங்க. அதுக்கு அப்புறம் என் வீட்டுக்காரர் குழாயடிக்குப் போனாரு. முதல் நாள் தலையைக் குனிஞ்சுக்கிட்டுத்தான் போனாரு.

எங்க குழு நோட்டு எழுதுறது நான்தான். அந்தப் பழக்கத்துல தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளோட பின்பக்கம் ஒவ்வொண்ணா எழுதி வச்சேன். ஒன்பதாம் நாள், நானே குளிச்சேன். பதினாறாம் நாள், பிள்ளையார் கோயில் வரைக்கும் போய் வந்தேன். ஏழாவது படிக்கிற என் மகளும் எழுதுவா: "அம்மா இன்னைக்கு மூணு இட்லி." இருபத்திநாலாம் நாள் தையல்ல நீர் கசிஞ்சு காய்ச்சல். மறுபடியும் ஆஸ்பத்திரி. அந்த வாரத் தாள் எல்லாம் வெறுந்தாள். கசிவு, காய்ச்சல், நாத்தத்தோட வெள்ளை, ஒரு கால் மட்டும் வீங்குறது, இதுல எது வந்தாலும் அன்னைக்கே போயிரணும், தயவுசெய்து மஞ்சளைப் பூசிட்டு உட்காராதீங்க.

டிவி நாடகத்துல வர்ற சுதா சந்திரனை எல்லாருக்கும் தெரியும். 1981-ல திருச்சிப் பக்கம் பஸ் விபத்துல அடிபட்டு, அவங்க ஒரு காலையே எடுத்துட்டாங்க. ஜெய்ப்பூர் கால் வச்சு 1984-ல மறுபடி மேடையில பரதம் ஆடினாங்க. அந்த ஆட்டத்தைத்தான் ஊரே பேசுது. நான் படுத்துக்கிட்டு யோசிச்சது வேற. சுவத்தைப் பிடிக்காம அவங்க முதல் தடவை நின்ன நாள் எதுவோ, அன்னைக்கு யார் கை தட்டியிருப்பாங்க?

எனக்குக் கை தட்ட ஆள் இருந்துச்சு. அந்த மாசக் கூட்டத்தை எங்க வீட்டுத் திண்ணையிலயே வச்சாங்க. பூ எடுக்கிற கூலி நின்னதால தவணை தடுமாறுச்சு, சங்கச் சேமிப்புல இருந்து உள்கடன் கொடுத்துச் சரி பண்ணினாங்க. ஐம்பத்தி ரெண்டாம் நாள், டாக்டரம்மா சரின்னு சொன்ன பிறகு, அரைக் குடம் தண்ணி தூக்கி வந்து அடுப்படியில இறக்கினேன். வாசல்ல நின்ன எங்க குழுத் தலைவி குலவை போட்டாங்க. தெருவே என்னமோன்னு எட்டிப் பார்த்துச்சு.

அன்னைக்கே ஒரு தீர்மானம் எழுதினோம். எங்க குழுவுல யாருக்கு வயித்து ஆபரேஷன் ஆனாலும், ஆறு வாரம் மத்தவங்க முறை வச்சுத் தண்ணி கொண்டுவந்து கொடுக்கணும், அவங்க கூட்டத்துக்கு வராட்டி அபராதம் கிடையாது. இதைக் கூட்டமைப்புல எல்லாக் குழுவும் போடணும்னு கேட்டுக்கத்தான் இந்த மைக்கைப் பிடிச்சேன்.

இன்னொண்ணு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுக்காதவங்க நல்லா இருக்கும்போதே எடுத்திருங்க. வருச வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருந்தா, குடும்பத்துக்கு வருசம் 5 லட்சம் வரைக்கும் உண்டு. ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் கொண்டு போங்க. எங்க தீர்மானத்தோட நகல் நாலஞ்சு எடுத்து வந்திருக்கேன், சாப்பாட்டு நேரத்துல வாங்கிக்கங்க.