அடுப்படியில் இருக்கும் வண்ணப்பெட்டி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



சேமிப்பு, தவணை, வங்கிக் கடன் பற்றியெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் குப்பையைப் பற்றிப் பேச வந்திருக்கேன். சிரிக்காதீங்க. மூணு வயசிலிருந்து ஆறு வயசு வரைக்கும் இருக்கிற பிள்ளைக்கு வேண்டிய வண்ணம், பசை, பிரஷ் எல்லாம் நம்ம அடுப்படியிலும் குப்பைக்கூடையிலும் இருக்கு. கடையில் வாங்கின கிரேயான் ரெண்டு நாளில் உடையுது. உடைச்சதுக்குப் பிள்ளைக்கு ஒரு அடி விழுது. அழுகையை நிறுத்த செல்போனைக் கொடுக்கிறோம். சோறு வேகிற அந்த அரை மணி நேரத்துக்குத்தான் இந்தப் பேச்சு.

மஞ்சள் தூளைத் தண்ணியில் கரைச்சு ஒரு தாளில் பூசிக் காயவிடுங்க. சமையல் சோடாவைக் கொஞ்சம் தண்ணியில் கரைச்சு, குச்சியால் தொட்டு அதன்மேல் கோடு போடச் சொல்லுங்க. கோடு சிவப்பா வரும்! எலுமிச்சைச் சாறு தொட்டு வைச்சா மறுபடி மஞ்சளாகும். பிள்ளை அந்த இடத்தை விட்டு எழுந்திருக்காது. ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கலக்குறோமே, அதே சங்கதிதான். ஆனா பிள்ளை கையில் சுண்ணாம்பு கூடவே கூடாது. கண்ணில் பட்டா பார்வைக்கே ஆபத்து. சோடா போதும்.

வேலியில் படர்ந்த நீலச் சங்குப்பூவை வெந்நீரில் போட்டா நீலம். அதிலேயே எலுமிச்சை பிழிஞ்சா ஊதா. பீட்ரூட் தோலைக் கொதிக்க வைச்சா ரோஸ். செம்மண்ணைச் சலிச்சுக் கஞ்சியில் குழைச்சா காவி. கறுப்புக்குக் கரி. கேஸ் அடுப்புக்காரங்க இஸ்திரிக் கடையில் கேளுங்க, ரெண்டு துண்டு தராமலா போவாங்க? தேங்காய் நாரைக் குச்சியில் கட்டினா பிரஷ். வெண்டைக்காய்க் காம்பை நறுக்கினா பூ அச்சு. கல்யாணப் பத்திரிகை உறையைப் பிரிச்சா உள்பக்கம் நல்ல வெள்ளைத் தாள்.

பசைக்கு ஒரு பங்கு மைதா, நாலு பங்கு தண்ணி. கட்டி தட்டாமல் கிளறி இறக்கணும். போஸ்டர் ஒட்டுறவங்க பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போடுவாங்க. அது விஷம், நம்ம பசைக்கு வேணாம். ரெண்டு நாளில் புளிச்சா கொட்டிட்டு வேற கிண்டிக்கலாம்.

உடைஞ்ச கிரேயானையும் தூக்கிப் போடாதீங்க. தாளை உரிச்சுக் கிண்ணத்தில் போட்டு, கிண்ணத்தை வெந்நீரில் வைச்சா உருகிடும். நேரா அடுப்பில் வைச்சா மெழுகு தீப்பிடிக்கும். இது பெரியவங்க வேலை, பிள்ளை தள்ளி நிக்கணும். உருகினதை டீ குடிக்கிற பேப்பர் கப்பில் ஊத்தி, ஆறினதும் கப்பைக் கிழிச்சா குண்டுக் கிரேயான். சின்னக் கைக்குப் பிடிக்க அதுதான் சுலபம்.

குப்பையில் தொடக்கூடாததும் இருக்கு. பூச்சிமருந்து டப்பா, ஆசிட் பாட்டில், பெயிண்ட் டப்பா இதையெல்லாம் எத்தனை தடவை கழுவினாலும் பிள்ளைக்கு வண்ணம் கலக்கக் கொடுக்காதீங்க. பழைய பொம்மையில், ரிமோட்டில் பொத்தான் மாதிரி பேட்டரி இருக்கும். முழுங்கிட்டா ரெண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிடும். சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். மூணு வயசுக்குக் கீழே இருக்கிற தம்பி தங்கச்சி பக்கத்தில் இருந்தா பாட்டில் மூடி, பாசிமணி எதுவும் வெளியே வேணாம்.

“இதை பாக்கெட் போட்டு விக்கலாமா?”ன்னு குழுவில் கேட்டாங்க. நம்ம புத்தி அங்கதான் போகும், தப்பில்லை. நான் வேணாம்னு சொன்னேன். ரெண்டு நாளில் கெடுற சரக்கை யார் வாங்குவாங்க? அதோட, வித்தாத்தான் ஒரு வேலைக்கு மதிப்புன்னு நான் ஒத்துக்க மாட்டேன். இந்த வரவு எந்த நோட்டிலும் ஏறாது, ஏற வேணாம்.

நம்ம பாட்டிங்க பழைய பேப்பரையும் வெந்தயத்தையும் ஊறவைச்சு ஆட்டி, குடத்தைக் கவிழ்த்து மேலே அப்பிக் கூடை செஞ்சாங்க. அந்தக் கூழ் பிள்ளைக்குக் களிமண் மாதிரி. அச்சு மை வேணாம்னா பழைய நோட்டுத் தாள் போதும். வெந்தயத்தை மட்டும் அரைச்சுக்குங்க. தாள் நல்லா ஊறினா கையாலேயே மசியும். அடுத்த குழுக் கூட்டத்துக்கு எல்லாரும் ஒரு பழைய நோட்டும் கைப்பிடி வெந்தயமும் கொண்டு வாங்க. பிள்ளைகளையும் கூட்டி வாங்க, செஞ்சே பார்த்துடலாம்.