கர்த்தா யார்?



ஆண்டு விழாவில் இப்படி ஒரு அசுபமான விஷயமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். எழுபதைத் தாண்டிய நாம் பேசாமல் வேறு யார் பேசுவது?

ஊரில் சாவு என்றால் அக்ரஹாரமே கூடும். ஞாதிகள் குளத்தங்கரைக்கு வந்து தர்ப்பணம் விடுவார்கள். தில்லியிலும் மும்பையிலும் ஞாதி எங்கே, குளம் எங்கே? நாலாவது மாடி ஃபிளாட்டில் ஒரே பெண், போனில் ஏற்பாடு செய்த வாத்தியார். அவர் கேட்கும் முதல் கேள்வி, "கர்த்தா யாரு?" "நான்தான்" என்றால், "நீங்க புல் கொடுத்துடுங்கோ, வேற ஒருத்தர் பண்ணட்டும்" என்கிறார். கடைசி வரை தகப்பனாருக்கு மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டவள் தர்ப்பையை நீட்டிவிட்டு ஒதுங்கி நிற்கிறாள். அவரை முன்பின் பார்த்திராத ஒருவர், கோத்திரம் கேட்டுத் தெரிந்துகொண்டு கொள்ளி வைக்கிறார்.

பிள்ளை இல்லாதபோது பத்தினியையும் பெண்ணையும் கர்த்தாவாகச் சொல்லும் தர்மசாஸ்திர நூல்கள் உண்டு. யோசித்துப் பாருங்கள், புல் கொடு என்று சொல்வதே அவளுக்கு அதிகாரம் உண்டு என்று ஒப்புக்கொள்வதுதான். இல்லாத அதிகாரத்தை இன்னொருவருக்கு எப்படிக் கொடுக்க முடியும்? தடை வேத மந்திரத்துக்கு மட்டும்தான். மந்திரத்தை வாத்தியார் சொல்லட்டும், கிரியையை அவள் செய்யட்டுமே! கயையில் பல்கு நதிக்கரையில் சீதை தசரதருக்கு மணலால் பிண்டம் வைத்த கதையை நமக்குச் சொன்னவர்களும் வாத்தியார்கள்தான்.

சொத்து விஷயத்தில் யாக்ஞவல்கியரே பிள்ளையில்லாதவனுக்கு மனைவி, பெண் என்றுதான் வரிசை சொல்கிறார். தமிழ்நாட்டில் 1989-லும் நாடு முழுவதற்கும் 2005-லும் கூட்டுக்குடும்பச் சொத்தில் பெண்ணுக்குச் சம உரிமை வந்துவிட்டது. 2018-ல் வாஜ்பாய்க்கு வளர்ப்பு மகள் கொள்ளி வைத்ததையும், 2021-ல் ஜெனரல் பிபின் ராவத் தம்பதிக்கு இரு பெண்கள் வைத்ததையும் டி.வி.யில் பார்த்துக் கண் கலங்கினோம். நம் வீடு என்று வந்தால் மட்டும் தூரத்துச் சித்தப்பா பிள்ளையைத் தேடுகிறோம்.

பத்தாம் நாள் அந்த அம்மாளுக்கு நடப்பதைப் பற்றி ஒன்றே ஒன்று. பூவைச் சூட்டிப் பறிக்கும் அந்தக் காரியத்தை நிறுத்த எந்த வாத்தியாரின் அனுமதியும் வேண்டாம். வீட்டுப் பெரியவர் ஒருவர் "வேண்டாம்" என்றால் போதும்.

நம் கிளைகள் ஒவ்வொன்றும், பெண்ணைக் கர்த்தாவாக வைத்து நடத்திக்கொடுக்கும் வாத்தியார்களின் பட்டியலை வைத்திருக்க வேண்டும். அவரவர் விருப்பத்தை இப்போதே எழுதி வையுங்கள். சாவு விழுந்த வீட்டில் சாஸ்திர விவாதம் நடத்த முடியாது. எனக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் எல்லாம் செய்ய வேண்டும் என்று எழுதி, வாத்தியாரிடம் ஒரு பிரதி கொடுத்தேன். படித்துவிட்டு, "மாமா, ஸபிண்டீகரணத்துக்கு மட்டும் புல் வாங்கிக்கலாமா?" என்றார். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.