பெரட்டில் ஆள், செக்ரோலில் பெயர் இல்லை

பேராக் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு என்றால் விளக்கம் தேவையில்லை. ஆள் கண்ணெதிரே நிற்பார். ஆனால் கிராணியின் செக்ரோலில் பெயர் ஏறாவிட்டால் அன்றைய கூலி இல்லை. கணினியிலும் இதே கதை நடக்கிறது.

தோட்டம் துண்டாடப்பட்டு ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் குடியேறிய பழைய தோட்ட மக்களுக்கு ஒரு சங்கம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் செயலாளர், உறுப்பினர் பெயர், அடையாள அட்டை எண், சந்தா எல்லாவற்றையும் இலவச மென்பொருளான லிப்ரே ஆபிஸின் 'பேஸ்' பகுதியில் சேமித்திருக்கிறார். புதுக் கணினி வாங்கிக் கோப்பைத் திறக்கிறார். 'ஜாவா இல்லை' என்கிறது. ஜாவாவை நிறுவுகிறார். மறுபடியும் அதே பதில்!

லிப்ரே ஆபிஸில் கடிதம் எழுத ஜாவா பெரும்பாலும் வேண்டாம். பேஸுக்குள் பழைய முறையில் பதிந்த தரவுகளைத் திறக்கத்தான் இந்த உதவி மென்பொருள் கட்டாயம். லிப்ரே ஆபிஸோ வன்தட்டு முழுவதையும் துழாவுவதில்லை. விண்டோஸின் பதிவேடு போன்ற சில இடங்களைப் பார்த்துவிட்டு, பெயர் இல்லையென்றால் 'ஆள் இல்லை' என்று சொல்லிவிடும். கிராணியை விடக் கண்டிப்பு.

பெரும்பாலும் சிக்கல் 32 பிட், 64 பிட் வேற்றுமையில்தான். விண்டோஸுக்கான லிப்ரே ஆபிஸ் 2015-இல் வெளிவந்த 5.0 பதிப்பிலிருந்து 64 பிட்டிலும் கிடைக்கிறது. 64 பிட் விண்டோஸ் இருவகை மென்பொருளுக்கும் தனித்தனிப் பதிவேடு வைத்திருக்கிறது. 32 பிட் ஜாவா அடுத்த ஏட்டில் உட்கார்ந்திருக்கும். அதன் கோப்புறையைக் கைநீட்டிக் காட்டினாலும் பயனில்லை. 64 பிட் மென்பொருளால் அதைத் தனக்குள் ஏற்றவே முடியாது. ஆகவே ஹெல்ப் பட்டியலில் அபௌட் பகுதியைத் திறந்து எந்த வகை என்று பார்த்து, அதே வகை ஜாவாவைப் போட வேண்டும்.

ஜாவாவை முறைப்படி நிறுவாமல் சுருக்கிய கோப்பிலிருந்து விரித்து மட்டும் வைத்திருந்தால் பதிவேட்டில் அது ஏறியிருக்காது. அப்போது டூல்ஸ், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்ட் என்று போய், ஆட் பொத்தானை அழுத்தி இடத்தைக் காட்டலாம். பிறகு லிப்ரே ஆபிஸை முழுதாக மூடித் திறக்க வேண்டும். கடிகாரத்தின் பக்கத்தில் அதன் சிறு படம் தெரிந்தால் அதையும் மூடுங்கள்.

அவசரப்பட்டுக் கணினியை ஃபார்மட் செய்யச் சொல்லும் கடைக்காரர்கள் உண்டு. வேண்டாம். ஜாவாவைக் காணோம் என்பதால் உறுப்பினர் பட்டியல் அழிந்துபோகாது; பேஸுக்குள்ளேயே பதிந்த பட்டியல் அந்த ஒரே கோப்புக்குள் அப்படியே இருக்கும். எதையும் தொடுமுன் அதை ஒரு பென்டிரைவில் நகலெடுத்து, செயலாளர் வீட்டில் ஒன்று, பொருளாளர் வீட்டில் ஒன்று என வைத்துவிட வேண்டும்.