திருப்பிச் சொல்லுங்கள்
(அமிர்தியில் நடந்த முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



என் அப்பா ஆம்பூரில் ஒரு டேனரியில் மேஸ்திரி. டிரம் ஓடுகிற இரைச்சலில் 'நாலு கிலோ' என்பது 'பதினாலு கிலோ' என்று காதில் விழும். மருந்து கூடினால் தோல் வீண். அதனால் யாரிடம் வேலை சொன்னாலும், "என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லுடா" என்பார். நாங்கள் சிரிப்போம்.

பிறகு நான் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரி ஆனேன். அங்கேயும் முதல் பாடம் அதுதான். நாங்கள் சொல்லும் உயரத்தை விமானி திருப்பிச் சொல்ல வேண்டும்; அதை நாங்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

1996 நவம்பர் 12. டில்லியில் இறங்க வந்த கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி. புறப்பட்டுப் போன சவுதி விமானத்துக்கு 14,000 அடி. எதிரே வருவது '140'இல் இருக்கிறது என்றும் கஜகஸ்தான் விமானத்துக்குச் சொன்னார்கள். ஆனாலும் அது 15,000-க்குக் கீழே இறங்கிவிட்டது. சர்க்கி தாத்ரி வானில் மோதல். 349 பேரும் மாண்டார்கள்.

அந்த விமானத்தில் ஆங்கிலத்தில் பேசியவர் ரேடியோ ஆபரேட்டர். அவர் முன்னால் உயரமானி கிடையாது; விமானியின் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கணும். உத்தரவைக் கேட்டவர் ஒருவர், ஓட்டியவர் வேறொருவர். நீதிபதி லகோட்டி விசாரித்தார். அதன்பின் வருகைக்கும் புறப்பாட்டுக்கும் தனித்தனிப் பாதை வந்தது. மோதல் எச்சரிக்கைக் கருவியும் கட்டாயமானது.

என் கதையையும் ஒளிக்காமல் சொல்கிறேன். வேலைக்குப் போன புதிதில், இறங்கி வந்த ஒரு விமானத்துக்கு 9,000 அடி என்றேன். விமானி 8,000 என்று திருப்பிச் சொன்னார். நான் எதிர்பார்த்ததே காதில் விழுந்தது; "சரி" என்றுவிட்டேன். 8,000-இல் வேறொரு விமானம். பக்கத்திலிருந்த மூத்தவர் மைக்கைப் பிடுங்கித் திருத்தினார். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

மாணவச் செல்வங்களே, ஆஸ்பத்திரியோ, டேனரியோ, ஆபீஸோ, எங்கே போனாலும் புரியாததைப் புரிந்ததாகத் தலையாட்டாதீர்கள். "திருப்பிச் சொல்லுங்க சார்" என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம். பெரியவர்களே, கேட்கிற பிள்ளைகளை அதட்டாதீர்கள்.