நிரூபிக்க வேண்டியவர் யார்?



வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. தொழிற்சாலை வாசலில் லாரி காத்திருக்கிறது. ஏற்ற வேண்டிய சரக்கில் சில பெட்டிகள் தரச் சோதனையில் தேறவில்லை என்கிறார் சோதனைப் பிரிவில் வேலை செய்யும் பெண். அதற்குள் மேலாளரின் கைத்தொலைபேசி ஒலிக்கிறது. "இன்றைக்குச் சரக்கு போகாவிட்டால் தண்டம் கட்ட வேண்டும். அடுத்த ஆர்டரும் கிடைக்காது" என்கிறார் மேலதிகாரி. மேசைமேல் ஒரு தாள் இருக்கிறது. அதில் மேலாளர் கையெழுத்திட்டால் லாரி கிளம்பிவிடும்.

இந்த மேலாளர் தீயவர் அல்லர். நிறுவனத்துக்கு விசுவாசமானவர். ஆர்டர் கைநழுவினால் தமக்குக் கீழே வேலை செய்கிறவர்களின் போனஸ் பாதிக்கப்படுமே என்று கவலைப்படுகிறவர். வேலையிடத்து அறச்சிக்கல் என்பது இதுதான். திருடலாமா, லஞ்சம் வாங்கலாமா என்ற கேள்விகளுக்கு விடை எல்லாருக்கும் தெரியும். ஒரு நியாயமும் இன்னொரு நியாயமும் எதிரெதிரே நிற்கும்போதுதான் நல்லவர்களும் தடுமாறுகிறார்கள்.

அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு நிர்வாகியைக் காப்பாற்றக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. அந்தக் கேள்வி தலைகீழானதால் என்ன நடந்தது என்பதை உலகமே பார்த்திருக்கிறது.

குளிர் மிகுந்த ஓர் இரவு

1986 ஜனவரி 27ஆம் தேதி இரவு. அமெரிக்காவின் சேலஞ்சர் விண்வெளி ஓடம் மறுநாள் காலை புறப்பட வேண்டும். புளோரிடாவில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போகும் என்று வானிலை அறிக்கை சொன்னது. ஓடத்தின் உந்துகலங்களைத் தயாரித்துக் கொடுத்தது மார்ட்டன் தயோகோல் என்ற நிறுவனம். அந்த உந்துகலங்களின் இணைப்புகளில் எரிவாயு கசியாமல் அடைத்துக்கொள்ள ரப்பர் வளையங்கள் இருந்தன. குளிரில் ரப்பர் விறைத்துப் போகும், இணைப்பு அடைபடாமல் போகலாம் என்று அந்நிறுவனத்தின் பொறியாளர்கள் அஞ்சினார்கள். அவர்களில் ஒருவரான ரோஜர் பாய்ஸ்ஜொலி, உயிர்ச்சேதம் ஏற்படக்கூடும் என்று 1985 ஜூலையிலேயே எழுத்து மூலம் எச்சரித்தவர்.

அன்றிரவு தொலைபேசி வழிக் கூட்டம் நடந்தது. சுமார் 12 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஓடத்தைச் செலுத்த வேண்டாம் என்று தயோகோல் முதலில் பரிந்துரைத்தது. நாசா அதிகாரிகள் அதை ஏற்கவில்லை. உங்கள் ஆதாரம் உறுதியானதாக இல்லையே என்று மடக்கினார்கள். தயோகோல் நிர்வாகிகள் ஐந்து நிமிட அவகாசம் கேட்டார்கள். அந்த ஐந்து நிமிடம் அரைமணி நேரமாக நீண்டது. பாய்ஸ்ஜொலியும் அவருடைய சக பொறியாளர் ஆர்னி தாம்சனும் படம் வரைந்தும் புகைப்படங்களைக் காட்டியும் மன்றாடினார்கள். ஆபத்து இருக்கிறது என்று அவர்களால் சொல்ல முடிந்தது. எவ்வளவு ஆபத்து என்று எண்ணில் காட்ட முடியவில்லை.

அப்போது மூத்த துணைத் தலைவர் ஜெரி மேசன், பொறியியல் பிரிவின் துணைத் தலைவர் ராபர்ட் லண்டைப் பார்த்து, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகி தொப்பியை மாட்டிக்கொள்ளுங்கள் என்றார். அதோடு பரிந்துரை மாறியது. புளோரிடாவில் இருந்த தயோகோல் அதிகாரி அலன் மெக்டொனால்ட் கையெழுத்திட மறுத்துவிட்டார். வேறொரு நிர்வாகி கையெழுத்திட்டுத் தொலைநகல் அனுப்பினார். மறுநாள் புறப்பட்ட 73ஆம் விநாடியில் ஓடம் சிதறியது. பள்ளி ஆசிரியை கிறிஸ்டா மெக்காலிஃப் உட்பட 7 பேர் மாண்டார்கள்.

அந்த அறையில் இருந்த யாரும் 7 பேரைக் கொல்ல நினைக்கவில்லை. அங்கே மாறியது கேள்வி மட்டுமே. "புறப்படுவது பாதுகாப்பானது என்று நிரூபியுங்கள்" என்று கேட்பதுதான் வழக்கம். அன்றிரவு "புறப்படுவது ஆபத்தானது என்று நிரூபியுங்கள்" என்று கேட்டார்கள். நிரூபிக்கும் பொறுப்பு, எச்சரித்தவர்களின் தலையில் விழுந்தது. கேள்வி திரும்பிய அந்தக் கணத்திலேயே முடிவும் எடுக்கப்பட்டுவிட்டது. கையெழுத்து பிறகு வந்த சடங்குதான்.

லாபத்தை யாரும் சந்தேகிப்பதில்லை

தீய செய்தி வரும்போது மட்டும்தான் இந்தச் சோதனை என்று எண்ண வேண்டாம். நல்ல செய்தி வரும்போதும் உண்டு. நம் அண்டை வீடான சிங்கப்பூரில் நடந்ததைப் பாருங்கள்.

1762ல் தொடங்கிய பேரிங்ஸ், இங்கிலாந்தின் பழம்பெரும் வங்கி. அதன் சிங்கப்பூர்க் கிளையில் நிக் லீசன் என்ற இளைஞர் பங்குச் சந்தைக் குறியீடுகளின் மீதான ஒப்பந்தங்களை வாங்கி விற்று வந்தார். அந்தக் கொடுக்கல் வாங்கல்களைக் கணக்கில் பதிந்து சரிபார்க்கும் பிரிவும் அவர் பொறுப்பிலேயே இருந்தது. கடைக்காரரே கல்லாவும் பார்த்து, கணக்கும் எழுதி, தணிக்கையும் செய்துகொண்டால் எப்படியோ அப்படி. நட்டங்களை 88888 என்ற எண் கொண்ட கணக்கில் மறைத்தார். மேலிடத்துக்குப் போன அறிக்கைகளில் லாபம் மட்டுமே தெரிந்தது.

எச்சரிக்கை இல்லாமல் இல்லை. பின்னால் பேரழிவாக முடியக்கூடிய ஓர் அமைப்பை உருவாக்கிக்கொண்டிருக்கிறோம் என்று சிங்கப்பூர் நிர்வாகி ஒருவர் 1992லேயே லண்டனுக்கு எழுதினார். இரண்டு பொறுப்புகளையும் பிரிக்க வேண்டும் என்று 1994ல் உள்தணிக்கையும் சொன்னது. பிரிக்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து கேட்கக் கேட்க லண்டன் கோடிக்கணக்கான பவுண்டுகளை அனுப்பிக்கொண்டே இருந்தது. இவ்வளவு லாபம் வரும் இடத்துக்கு ஏன் இவ்வளவு பணம் தேவைப்படுகிறது என்று யாரும் விடாப்பிடியாகக் கேட்கவில்லை.

1995 ஜனவரி 17ல் ஜப்பானின் கோபே நகரில் நிலநடுக்கம். ஜப்பானியப் பங்குச் சந்தை சரிந்தது. அடுத்த மாதம் லீசன் சிங்கப்பூரை விட்டு வெளியேறி மலேசியா வழியாகப் பயணப்பட்டு, ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் பிடிபட்டார். 82 கோடியே 70 லட்சம் பவுண்டு நட்டத்தில் பேரிங்ஸ் கவிழ்ந்தது. 233 ஆண்டு வரலாறு கொண்ட வங்கியை ஐஎன்ஜி நிறுவனம் ஒரு பவுண்டுக்கு வாங்கியது. லீசனுக்கு ஆறரை ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

குற்றம் லீசனுடையது. ஆனால் அந்தக் குற்றம் வளர இடம் கொடுத்தவர்கள், தாங்களும் தவறு செய்கிறோம் என்றே நினைக்காத நிர்வாகிகள். அங்கே கேள்வி தலைகீழாகக்கூட இல்லை. எழவே இல்லை.

பொறுப்பைத் தாமே ஏற்றவர்

மூன்றாவது நிகழ்வு நம்பிக்கை தருவது. 1982 செப்டம்பர் இறுதியில் அமெரிக்காவின் சிகாகோ வட்டாரத்தில் டைலனால் என்ற வலி மாத்திரை சாப்பிட்ட 7 பேர் இறந்தார்கள். யாரோ கடைகளில் இருந்த குப்பிகளில் சயனைடு நஞ்சைக் கலந்திருந்தார்கள். தயாரிப்பாளரான ஜான்சன் அண்ட் ஜான்சன் மீது தவறில்லை. பாதிப்பு ஒரு வட்டாரத்தில் மட்டுமே தெரிந்தது. "மற்ற இடங்களில் ஆபத்து இருப்பதாக நிரூபியுங்கள்" என்று அந்த நிறுவனம் கேட்டிருக்கலாம்.

தலைவர் ஜேம்ஸ் பர்க் அப்படிக் கேட்கவில்லை. மீதமுள்ள குப்பிகள் பாதுகாப்பானவை என்று தம்மால் உறுதி சொல்ல முடியுமா என்றுதான் பார்த்தார். நாடு முழுவதிலுமிருந்து சுமார் 3 கோடியே 10 லட்சம் குப்பிகள் திரும்பப் பெறப்பட்டன. 10 கோடி டாலருக்கு மேல் செலவு. விற்பனை படுத்தது. பிறகு, பிரித்தால் தெரிந்துவிடும்படியான புதிய குப்பிகளோடு மாத்திரை கடைகளுக்கு வந்தது. மக்கள் மீண்டும் வாங்கினார்கள்.

இந்தத் துணிச்சல் ஒரே இரவில் வந்ததல்ல. வாடிக்கையாளரே முதலில் என்று சொல்லும் கொள்கை அறிக்கை அந்நிறுவனத்தில் 1943 முதல் இருந்தது. பர்க் 1970களிலேயே மேலாளர்களைக் கூட்டி, இதை உண்மையில் நம்புகிறோமா, நம்பவில்லை என்றால் சுவரிலிருந்து கழற்றிவிடலாமா என்று விவாதிக்க வைத்தார். நெருக்கடி வந்தபோது விடை கையில் இருந்தது.

ஆனாலும் ஒரு முறை சரியாக நடந்தால் என்றைக்கும் சரியாக நடப்போம் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அதே நிறுவனம் பிற்காலத்தில் தன் குழந்தைப் பவுடர் தொடர்பாக ஆயிரக்கணக்கான வழக்குகளைச் சந்தித்தது. டால்க் கலந்த அந்தப் பவுடரின் விற்பனையை 2023ல் உலகெங்கும் நிறுத்தியது. நல்ல பெயர் சுவரில் தொங்கலாம். கேள்வியை ஒவ்வொரு நாளும் புதிதாகக் கேட்டாக வேண்டும்.

நம் நாட்டுச் சட்டம் சொல்வது

மலேசியச் சட்டமும் இதே திசையில் நடந்திருக்கிறது. மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 17ஏ பிரிவு 2020 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. நிறுவனத்துக்கு ஆதாயம் தேட அதன் ஊழியர் லஞ்சம் கொடுத்தால் நிறுவனமும் குற்றவாளி. தடுப்பதற்குப் போதிய ஏற்பாடுகள் செய்திருந்தோம் என்று நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும். இயக்குநர்களும் நிர்வாகத்தில் இருப்பவர்களும்கூட, தங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை, உரிய கவனம் எடுத்துக்கொண்டோம் என்று தாங்களே காட்ட வேண்டும். "எனக்குத் தெரியாது" என்ற ஒற்றைச் சொல் இனி குடை பிடிக்காது. முறைகேடுகளை அமலாக்கத் துறையிடம் தெரிவிப்பவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்க 2010ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றும் இருக்கிறது.

ஆயினும் உண்மை சொல்வதற்கு விலை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. விசாரணைக் குழுவிடம் நடந்ததைச் சொன்ன மெக்டொனால்டை நிறுவனம் பதவி இறக்கியது. அமெரிக்க நாடாளுமன்றம் தலையிட்ட பிறகே நிலைமை மாறியது. பின்னர் உந்துகலங்களைத் திருத்தி அமைக்கும் பணிக்கு அவரே தலைமை தாங்கினார். எல்லாருக்கும் நாடாளுமன்றம் துணைக்கு வராது. வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் உள்ள சாதாரண ஊழியரைத் தனியாக வீரம் காட்டச் சொல்வது நியாயமல்ல. அவர் பேசுவதற்குத் துணிச்சல் தேவைப்படாத இடத்தை உண்டாக்குவதுதான் நிர்வாகியின் அறம். இடித்துரைப்பவர்களைத் துணையாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று மன்னனுக்கே சொன்னவர் வள்ளுவர்.

லாரி இன்னும் நிற்கிறது

தொழிற்சாலை வாசலுக்குத் திரும்புவோம். அந்த மேலாளர் பேனாவை எடுப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம்.

முதலாவது: இந்தச் சரக்கு சரியானது என்பதற்கு என்ன ஆதாரம்? கெட்டது என்பதற்கு ஆதாரம் இல்லை என்பது இதற்கு விடை ஆகாது.

இரண்டாவது: வேண்டாம் என்று சொன்னவரின் பேச்சு எழுத்தில் பதிவாகி, மேலிடம் வரை போய்ச் சேருமா? தயோகோல் பொறியாளர்களின் மறுப்பு நாசாவில் இறுதி முடிவெடுத்தவர்களின் காதுக்கே எட்டவில்லை.

மூன்றாவது: விளைவைச் சுமக்கப் போகிறவருக்கு இது தெரியுமா? சேலஞ்சரில் ஏறிய 7 பேருக்கும் முந்தின இரவின் வாக்குவாதம் தெரியாது.

இந்த மேலாளர் தொலைபேசியை எடுத்து வாங்குபவரிடமே பேசலாம். தேறிய பெட்டிகள் இன்று வரும், மீதி திங்கட்கிழமை வரும் என்று சொல்லலாம். அவர் கோபப்படலாம், தண்டமும் கேட்கலாம். அந்த நட்டத்துக்கு ஓர் எல்லை உண்டு, கட்டித் தீர்த்துவிடலாம். அதன் பிறகு அந்தச் சோதனைப் பிரிவுப் பெண் அடுத்த முறையும் பயமில்லாமல் வந்து சொல்வார். ஒரு நிறுவனத்துக்கு அதைவிடப் பெரிய காப்புறுதி கிடையாது.